மீதி மாத்திரை

பரமத்தி வேலூரிலிருந்து நாமக்கல் போகும் பேருந்தில், முன்சீட்டுக்காரர் பக்கத்திலிருந்த பெண்ணிடம் சொன்னார்.

"எச்சியப் பாத்துத்தானுங்க என்ற மாத்திரையவே மாத்துனாங்க."

"எச்சியையா?"

"நெஞ்சுல அடைப்புக்கு ஸ்டென்ட் வெச்சாங்க. ரத்தம் ஒறையாம இருக்கத் தந்த மாத்திரை என்ற ஒடம்புல வேலையே செய்யாதாமா. பொறப்புலயே அப்படின்னு எச்சிய எடுத்துப் பண்ணுன மரபணு டெஸ்டுல வந்துருச்சுங்க."

"மீதி மாத்திரைய என்ன பண்ணுனீங்க?"

"வீசுவானேன்? தம்பிக்கும் ஸ்டென்ட்தான், அதே மாத்திரைதான். மூணு அட்டையும் அவனுக்கே குடுத்துட்டேனுங்க."

"கூடப் பொறந்தவருங்களா?"

"ஆமாங்க, ஒரே வயித்துப் புள்ளைங்க."

"அவருக்கு அந்த டெஸ்ட் எடுத்தாச்சுங்களா?"

அவர் கைபேசியை எடுத்துத் தம்பியை அழைத்தார்.

"டேய், அடுத்த பஸ்ஸப் புடிச்சு நாமக்கல் வா. நீயும் எச்சி துப்போணும்."