இரண்டாவது மாடியில் ஒன்றும் இல்லை

வெள்ளத்தன்று அந்த வீட்டுக்குள் இருந்தவர்கள்:

அக்கா. மருந்துக் கடையில் வேலை. கடை இப்போது தண்ணீருக்குள்.
மாமா. அக்காவின் கணவர், பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். பொய் சொல்ல வராது. சொன்னால் இருமல் வரும்.
தம்பி. அக்காவின் உடன்பிறந்தவன், வீடு வீடாக கேஸ் சிலிண்டர் போடுகிறவன். படகில் வந்து, நனைந்துபோய் நிற்கிறான்.

வேறு யாரும் உள்ளே வரவில்லை.

தம்பி: ...அதைத்தான்க்கா கேக்குறேன். எத்தனை நாளைக்குத் தாங்கும்?

அக்கா: எதுடா தாங்கும்?

தம்பி: வீட்டுல இருக்கிறதுதான். தண்ணி, அரிசி, மெழுகுவத்தி...

அக்கா: வந்ததும் வராததுமா சர்வே எடுக்கிறவன் மாதிரி கேக்குறே. முதல்ல தலையைத் துவட்டு.

தம்பி: துண்டு எங்க? உள் ரூம்லயா?

மாமா: அங்க போகாதே மாப்ளே! இரு, இரு... நானே எடுத்துட்டு வரேன்.

தம்பி: என்ன மாமா, உள்ள புலியைக் கட்டிப் போட்டிருக்கீங்களா?

மாமா: இல்லப்பா... ஒழுகுது. மேல கூரை...

தம்பி: உங்களுக்கு மேல இன்னும் ரெண்டு மாடி இருக்கு. கூரை எப்படி ஒழுகும்?

மாமா: பைப்பு. பைப்பு ஒழுகுது.

தம்பி: குழாயில தண்ணியே வரலைன்னு இப்பத்தானே சொன்னீங்க?

மாமா: அது... க்ஹும்... அது வேற பைப்பு.

அக்கா: அவரை ஏன்டா நோண்டுறே? உனக்கு இப்ப என்ன வேணும்?

தம்பி: எனக்கு ஒண்ணும் வேண்டாம். அக்கா எப்படி இருக்கான்னு பாக்க வரக்கூடாதா?

அக்கா: நல்ல நாள்ல வரமாட்டே. தெருவுல ஆளை முழுங்குற தண்ணி ஓடும்போது வந்து நிக்கிறே. நான் என்னன்னு நினைக்க?

தம்பி: பாசம்னு நினையேன். செலவா ஆகும்?

அக்கா: படகு யாரோடது?

தம்பி: மீன் மார்க்கெட்காரர் ஒருத்தரோடது. மழை வலுக்கிறதுக்குள்ள திரும்பணும்னு பறக்குறாரு.

அக்கா: கீழ தனியாவா உக்கார்ந்திருக்காரு?

தம்பி: ...ஆமா. ஏன்?

அக்கா: நனையிறாரேன்னு கேட்டேன்.

தம்பி: குடை இருக்கு.

அக்கா: ம். அம்மா எங்க?

தம்பி: அம்மா... சித்தி வீட்டு மாடியில. நேத்தே கொண்டு விட்டுட்டேன்.

அக்கா: அங்க சௌகரியமா இருக்காங்களா?

தம்பி: இருக்காங்க.

அக்கா: அப்ப சரி.

மாமா: ஏன் மாப்ளே, முகாம் ஒண்ணு திறந்திருக்காங்கன்னு ரேடியோவுல சொன்னாங்களே?

தம்பி: போய்ப் பார்த்தேன் மாமா. கால் வைக்க இடமில்ல. ஜனங்க சுவத்துல சாய்ஞ்சு நின்னுகிட்டே தூங்குறாங்க. முட்டி வலிக்காரங்க அங்க போனா அவ்வளவுதான்.

மாமா: யாருக்கு முட்டி வலி?

தம்பி: பொதுவாச் சொன்னேன்... சுடச்சுட ஒரு வாய் டீ கிடைக்குமா?

அக்கா: கேஸ் தீந்துபோச்சு.

தம்பி: மாமா கையில இருக்கிற டம்ளர்ல ஆவி பறக்குதே.

மாமா: இதுவா? இது... க்ஹும்... கடைசி. இதோட தீந்துது.

தம்பி: சரியா நான் கதவைத் தட்டுனப்ப தீந்துச்சாக்கும். ரெண்டாவது சிலிண்டர் போட்டு வைக்கலையா?

அக்கா: நீ கொண்டாந்து போட்டியா?

தம்பி: உங்க தெரு என் லைன்ல வராதுக்கா. என் லைனா இருந்தா கேட்டுக்கிட்டா இருப்பேன்?

அக்கா: அங்க நிக்காதே, தரை நனையுது. உக்காரு.

மாமா: ஏய்... அதுல வேண்டாம்! இந்த நாற்காலியில...

தம்பி: ஏன், இந்த ஸ்டூலுக்கு என்ன? பூப் போட்ட துணியெல்லாம் போத்தி கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு. அட... நகரவே மாட்டேங்குதே.

அக்கா: உக்காரத்தானே ஸ்டூலு? எதுக்கு நகர்த்துறே?

தம்பி: சரிம்மா. உக்கார்ந்துட்டேன். அரிசி?

அக்கா: இன்னைக்கு ராத்திரிக்கு இருக்கு.

தம்பி: நாளைக்கு?

அக்கா: நாளைக்குப் பாத்துக்கலாம்.

தம்பி: நீயா நாளைக்குப் பாத்துக்கலாம்னு சொல்றே? ஒரு தலைவலி மாத்திரையை ரெண்டா உடைச்சு மீதியை மடிச்சு வைக்கிற ஆளு நீ.

அக்கா: இந்தத் தடவை ஏமாந்துட்டேன்டா. மழை இப்படி அடிக்கும்னு யாருக்குத் தெரியும்?

தம்பி: கீழ் வீட்டு டீச்சரம்மா எப்படிச் சமாளிக்கிறாங்க?

அக்கா: நேத்து ஒரு குடம் தண்ணி கேட்டு வந்தாங்க. இல்லைன்னுட்டேன்.

தம்பி: இல்லாததால இல்லைன்னியா?

அக்கா: வேற எதுக்குச் சொல்லுவாங்க?

மாமா: பாவம், அந்தம்மா குடத்தைத் தூக்கிட்டு...

அக்கா: நீங்க சும்மா இருங்க. ஒருத்தருக்குக் கதவைத் திறந்தா மாடிப்படி பூரா வரிசை நிக்கும். உனக்கு ஞாபகமில்ல? நாம சின்னப் பிள்ளைங்களா இருந்தப்ப வந்த வெள்ளம்.

தம்பி: அதை மறப்பேனா? அம்மா வாசல்ல உக்கார்ந்து அரிசியைப் படியால அளந்து அளந்து போட்டாங்க. தெருவே சாப்பிட்டுது.

அக்கா: தெருவே சாப்பிட்டுது. நாம?

தம்பி: ஊறிப்போன பிஸ்கட். கவரோட நக்கினோம்.

அக்கா: நீ சிரிக்கிறே. நீ ராத்திரியெல்லாம் பசியில அழுதே. உன்னை மடியில போட்டுக்கிட்டு நான் உக்கார்ந்திருந்தேன். அம்மா பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பால் கரைச்சுக்கிட்டு இருந்தாங்க. நம்ம வீட்டுப் பால் பவுடர்.

தம்பி: அவங்க சுபாவம் அதுக்கா. கேட்டா இல்லைன்னு சொல்ல வராது.

அக்கா: அதான் நான் கத்துக்கிட்டேன்.

தம்பி: ...ம். மாமா, இந்த ஸ்டூல்...

அக்கா: எதுக்குடா அதைத் தட்டுறே?

தம்பி: பழக்கதோஷம். நாள் பூரா தட்டித் தட்டிப் பாக்குற கை. சரி, நான் கிளம்புறேன்.

மாமா: அதுக்குள்ளயா? இரு மாப்ளே... ரெண்டு பாக்கெட் பிஸ்கட் தரேன், வழியில...

அக்கா: பிஸ்கட் எங்க இருக்கு?

மாமா: ...க்ஹும். இல்ல. இருந்துச்சுன்னு நினைச்சேன்.

தம்பி: விடுங்க மாமா. தொண்டையைக் கவனிங்க. அக்கா, ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். இந்தத் துணியை எடுத்துடு. பக்கத்துல மெழுகுவத்தி ஏத்தாதே.

அக்கா: எதுக்கு?

தம்பி: காலி சிலிண்டரைத் தட்டினா மணி மாதிரி சத்தம் வரும். இது முனகக்கூட இல்ல. முழுசா இருக்கு.

அக்கா: துணியை விடுடா.

தம்பி: இவ்வளவு நேரமும் அது மேலதான் உக்கார்ந்து உன்னைக் கேட்டுக்கிட்டு இருந்தேன்.

மாமா: மாப்ளே, அது வந்து...

அக்கா: வாயை மூடுங்க. ஆமாடா, இருக்கு. எங்க ரெண்டு பேருக்கு இருக்கு. உனக்கு எவ்வளவு வேணும், சொல்லு.

தம்பி: எனக்குன்னு நான் கேக்கவே இல்லையே.

அக்கா: யாருக்குன்னு நானும் கேக்கல.

தம்பி: ஆமா. நீ கேக்கல. வந்ததுலேர்ந்து அதைத்தான்க்கா பாத்துக்கிட்டு இருக்கேன்.

அக்கா: படகுக்காரர் காத்துக்கிட்டு இருப்பாரு.

தம்பி: இருப்பாரு. "அவகிட்ட இருந்தா மட்டும் சொல்லு, இல்லைன்னா சங்கடப்படுத்தாதே"ன்னு சொல்லித்தான் என்னை மேல அனுப்பினாங்க. நான் போய் இல்லைன்னு சொல்லிடறேன். வரேன் மாமா.

மாமா: பாத்து இறங்கு மாப்ளே! படி வழுக்கும்!

அக்கா: கதவைச் சாத்துங்க.

மாமா: இன்னும் படியில இறங்கிக்கிட்டு இருக்கான்...

அக்கா: சாத்துங்கன்னு சொல்றேன்.

மாமா: சாத்திட்டேன். யாரு அனுப்பினாங்கன்னு சொல்றான்? படகுக்காரரா?

அக்கா: தாழ்ப்பாளைப் போடுங்க.

மாமா: போட்டாச்சு. இரு... உங்க சித்தி வீடு ஓட்டு வீடாச்சே. அதுக்கு மாடி எப்ப வந்துச்சு?

அக்கா: பூட்டையும் போடுங்க.

மாமா: அப்ப அத்தை எங்கடி? ...ஜன்னலை மறைக்காதே, தள்ளு. கீழ படகுல யாரு அது, குடையோட?

அக்கா: எட்டிப் பாக்காதீங்க, அம்மா இந்த ஜன்னலையே பாத்துக்கிட்டு இருக்காங்க. அந்தக் குடையில கம்பி ஒடிஞ்ச இடத்துல நூல் கட்டிக் கொடுத்தவளே நான்தான்; அவன் படியில கால் வைக்கிறதுக்கு முன்னாடியே இந்த ஜன்னல்லேர்ந்து பாத்துட்டேன். அவங்க உள்ள வந்தா இந்தக் கதவு அப்புறம் யாருக்கும் மூடாதுங்க... இன்னும் பூட்டலையா? சாவியை இப்படிக் கொடுங்க. நானே பூட்டுறேன்.