ஒரு நாள் கீரை

பிள்ளைகளே, ஜமுனாமரத்தூரிலிருந்து வேலூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் வயதான ஓர் அம்மாவும் அவருடைய தம்பியும் இருந்தார்கள். அம்மாவின் மடியில் ஒரு கட்டு முருங்கைக்கீரை.

"இது ஆக்கறதுக்கு இல்லடா, டாக்டர்கிட்ட காட்டறதுக்கு," என்றார் அந்த அம்மா.

"கீரைக்கு இன்னாக்கா சீக்கு?"

"சீக்கு எனக்குத்தான். நெஞ்சுல வால்வு மாத்துனதிலேர்ந்து ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடறேன் இல்ல? கீரை அந்த மாத்திரையோட வேகத்தக் கொறச்சிடும். நான் தினம் தின்ற கீரைக்கு ஏத்தாப்லதான் அளவு வெச்சிருக்காங்க. இப்ப மவன் வூட்டுக்கு ரெண்டு மாசம் போறேன், அங்க கீரையே இருக்காது. அங்கயும் இதே அளவு போட்டா எங்கயாச்சும் ரத்தம் கசிய ஆரம்பிச்சிடும்."

"அத வாயால சொன்னா ஆவாதா?"

"நெறையன்னு சொன்னா எவ்ளோன்னு அவருக்கு எப்பிடித் தெரியும்? அதான் ஒரு நாளைக்குத் தின்றத அப்பிடியே கட்டியாந்தேன். ரத்தத்தயும் சோதிச்சுட்டு, இன்னா அளவுன்னு எழுதி வாங்கினுதான் மவன் ஊருக்குப் போவேன்."

எனக்கு எழுந்து நின்று அவரைக் கும்பிடலாம் போலிருந்தது.

"ரயிலு போய்டும்க்கா. மவன் திட்டுவான்."

"திட்டட்டும். திட்டு வாங்க நான் நல்லா இருக்கணும் இல்ல?"

தம்பி சிரித்துவிட்டார். "ஆஸ்பத்திரி ஸ்டாப்ல ரெண்டு பேரு எறங்கணுங்க," என்று கண்டக்டருக்குக் குரல் கொடுத்தார்.