எட்டியப்பன் நின்ற பாறை

சத்தியம்! இந்தப் பள்ளிமலை சாட்சி, என் இரண்டு கண் சாட்சி, எதிரே டீ ஆற்றுகிறாரே, அவரும் சாட்சி! இதில் ஒரு சொல் பொய் என்றால் அடுத்த ஜீப்புக்கு முன்னால் போய்ப் படுத்துக்கொள்கிறேன். அடுத்த ஜீப் இப்போதைக்கு வராது, அது வேறு விஷயம்.

மேலே சமணர் மடம் பார்க்க வந்திருக்கிறீர்கள். ஜீப் ஆள் நிரம்பாமல் நகராது. குதிரைக்காரன் கூலி சொல்ல வாயைத் திறந்தால் நீங்கள் வாயை மூடிக்கொள்வீர்கள். படிகளோ, போகிறவர் முட்டியைக் கேட்டுப் பாருங்கள். டோலிக்காரர்கள் சாப்பிடப் போயிருக்கிறார்கள். எத்தனை தடவை ரோட்டை எட்டிப் பார்ப்பீர்கள்? உட்காருங்கள். உட்கார முடியாவிட்டால் நின்றுகொண்டே கேளுங்கள். இந்தக் கதையில் வருகிறவனும் உட்கார்ந்தவன் இல்லை.

முன்னொரு காலத்திலே, ஜீப்பும் தார் ரோடும் எட்டிப் பார்க்காத காலத்திலே, இதே வெண்குறிச்சியிலே எட்டியப்பன் என்று ஒருவன் இருந்தானாம். என் பாட்டனுக்குப் பாட்டன். தொழில் டோலி. ஒரு மரநாற்காலி, இரு பக்கமும் நீள மூங்கில், முன்னால் எட்டியப்பன், பின்னால் அவன் மச்சான் மாசிலாமணி.

இந்த எட்டியப்பனுக்கு ஓரிடத்தில் நிற்க வராது. நடந்துகொண்டே கூழ் குடிப்பானாம். தாலி கட்டும்போதுகூட ஒரு முடிச்சுப் போட்டுவிட்டுப் பந்தலை ஒரு சுற்று சுற்றி வந்துதான் அடுத்த முடிச்சாம். பெண் வீட்டார் கத்தினார்கள். நின்றானா? நிற்கவில்லை.

அந்தக் காலத்தில் ஜினமதி அம்மாள் என்று ஒரு சமண நயினார் வீட்டம்மா, பக்கத்து ஊர். ஒரே பிள்ளை தரணேந்திரன். அவன் துறவு போகிறேன் என்று வாசலில் வந்து ஆசி கேட்டு நின்றானாம். அம்மாள் உள்ளே தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள். நின்று பார்த்தான், போய்விட்டான். ஆண்டுகள் ஓடின. ஒரு மழைக்காலம் அந்தத் துறவி இந்த மலைமேல் வந்து தங்கினாராம்.

சமணத் துறவிக்கு வண்டி வாகனம் கூடாது, எங்கேயும் கால்நடைதான். மழை மாதங்களில் மட்டும் புழு பூச்சி மிதிபடக் கூடாதென்று ஓரிடத்தில் இருப்பார். ஐப்பசி அமாவாசை கழிந்ததோ, கிளம்பிவிடுவார். எந்தத் திசை, எந்த ஊர், யாரும் கேட்கக் கூடாது. மறுபடி இந்தப் பக்கம் வருவார் என்பதும் இல்லை.

அம்மாள் மழைக்காலம் முழுக்க வீம்பாக இருந்தாள். அமாவாசை கழிந்த காலையில் வீம்பு உடைந்தது. "வண்டியப் பூட்டு!" என்றாள். மாட்டுவண்டி ஏரிக்கால்வாய்ச் சேற்றில் அச்சுவரை இறங்கி நின்றுவிட்டது. வழியில் போன மட்டக்குதிரையைப் பிடித்து ஏற்றினார்கள். அது சுண்ணாம்பு சுமக்கிற குதிரை. அதற்குத் தெரிந்தது ஒரே வழி. அம்மாளைச் சுமந்துகொண்டு நேராகச் சூளையில் போய் நின்றதாம்!

சூளையிலிருந்து அழாத குறையாக அடிவாரம் வந்து சேர்ந்தாள். "எம் புள்ள கெளம்பறதுக்குள்ள என்ன மேல சேத்துடுங்கப்பா" என்றாள். எட்டியப்பனுக்கு இதைவிட என்ன வேண்டும்? துண்டால் அவளை நாற்காலியோடு கட்டினான், தூக்கினான், ஓடினான்.

"ஏம்பா எட்டியப்பா, இன்னும் எவ்ளோ தூரம்?"

"தோ, அந்த மொட்டப் பாறைக்கு அந்தாண்டம்மா."

"இதையேதான கீழயும் சொன்ன?"

"அப்பவும் அதுக்கு அந்தாண்டதாம்மா இருந்துது."

பாதி மலையில் மாசிலாமணிக்கு இரைத்தது. "மாமா, எறக்கு. நெஞ்சு வெடிச்சிரும்." இறக்கினார்கள். மச்சான் மூச்சு வாங்கினான். எட்டியப்பன் நின்றானா? நிற்கவில்லை. நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்தான். அம்மாள் முகத்தில் வெயில் படுகிறதென்று நாற்காலியைத் தூக்கித் திருப்பி வைத்தான். வைத்த கையோடு "தூக்கு மச்சான்!" என்று முன்னால் பாய்ந்துவிட்டான். திருப்பியதை மறந்தே போனான். டோலி மேலே போகிறது, அம்மாள் முகம் கீழே பார்க்கிறது!

"டேய், திருப்பி வைடா! மலை அந்தப் பக்கம்!"

"எறக்கினா நேரம் போயிடும்மா. மலை எங்கயும் போயிடாது."

திட்டிக்கொண்டே போனாள். திடீரென்று திட்டு நின்றது. ஏன் என்றால், மடத்திலிருந்து இறங்க ஒரு குறுக்குப் பாதை உண்டு. இவர்கள் கடந்து வந்த வளைவுப் பாறையில்தான் அது வந்து சேரும். அங்கே கையில் மயிற்பீலியோடு ஒருவர் தரையைத் தடவித் தடவி இறங்கிக்கொண்டிருக்கிறார். துறவி கிளம்பிவிட்டார்!

"நில்லுங்கடா! எம் புள்ள! கீழ போறான்!"

நின்றானா? நிற்கவில்லை. பழைய திட்டுதான் என்று நினைத்து இன்னும் வேகமாக இழுத்தான். மாசிலாமணிக்குத்தான் அவள் முகம் நேரெதிரே தெரிந்தது. அவன் காலை ஊன்றி நின்றுவிட்டான். "மாமா, திரும்பு. பொய் சொல்ற மொகம் இல்ல இது."

திரும்பினார்கள். வளைவுப் பாறைக்கு வந்து இறக்கினார்கள். அம்மாள் துண்டை அவிழ்த்துக்கொண்டு தட்டுத்தடுமாறி நடந்தாள். துறவி எதிரே பாறையின் அந்தப் பக்கம் நிற்கிறார். ஏன் நிற்கிறார்? தாயைப் பார்த்தா? இல்லை. பற்றை விட்டவர் தாய்க்காக நிற்கக் கூடாதாம். நடுவே பாறைமேல் எறும்புச் சாரை போகிறது. அதைத் தாண்டப் பார்த்த எட்டியப்பனிடம் பீலியை உயர்த்தி, "நில்லப்பா. எறும்பு போகட்டும்" என்றாராம்.

நின்றான். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக எட்டியப்பன் நின்றான்!

சாரைக்கு இந்தப் பக்கம் தாய், அந்தப் பக்கம் பிள்ளை. அம்மாளுக்கு வார்த்தை வரவில்லை. சாரையின் வால் தெரிகிறது. அது தீர்ந்தால் துறவி நடந்துவிடுவார்.

எட்டியப்பன் பார்த்தான். டோலிக்காரர் மடியில் எப்போதும் வெல்லம் இருக்கும், மூச்சு வாங்கும்போது கடிக்க. கால் நின்றது, கை நிற்கவில்லை. முதுகுக்குப் பின்னால் வெல்லத்தைக் கிள்ளினான், உதிர்த்தான். கிள்ளினான், உதிர்த்தான். மலையிலிருந்த எறும்பெல்லாம் திரண்டு வந்ததாம்! மாசிலாமணி கண்டுகொண்டு தன் மடியையும் அவிழ்த்து நீட்டினானாம்.

வெயில் சாய்ந்தது. சாரை தீரவில்லை. கடைசியில் அம்மாளுக்குக் குரல் வந்தது.

"தரணி, அன்னிக்குக் கதவுக்குப் பின்னாலதான்டா நின்னுட்டிருந்தேன்."

துறவி எறும்பின்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லையாம். "மூச்சு கேட்டது" என்றார். கை உயர்த்தி ஆசி சொன்னார். வெல்லமும் தீர்ந்தது, எறும்பும் விலகியது, அவர் பாதையில் அவர் போனார்.

அன்று அசையாமல் நின்ற நிற்பில் எட்டியப்பன் பாதம் இரண்டும் பாறையில் பதிந்துவிட்டன. மேலே போகும்போது பாருங்கள், இரண்டு குழி. பக்கத்துப் பலகையில் மருந்தரைத்த குழி என்று எழுதியிருக்கும். மருந்தரைக்கிற குழிக்கு எதற்கையா பெருவிரல்? இந்த மலை டோலியில் மட்டும் ஆளைக் கீழே பார்க்க உட்கார வைப்பதும் அன்றிலிருந்துதான். படியேறுகிறவர், குதிரையில் போகிறவர், ஜீப்பில் போகிறவர், எல்லோரும் அந்தக் குழியில் ஒரு கிள்ளு வெல்லம் உதிர்த்துவிட்டுத்தான் மேலே போவார்கள்.

மடத்தில் கேட்டால், வாயில்லா ஜீவனுக்கு உபகாரம் என்பார்கள். ஒரு துறவியை வழிமறிக்கப் போட்ட வெல்லம் அது என்று தெரிந்தால் வழக்கத்தையே நிறுத்திவிடுவார்கள். எறும்புகள் பட்டினி கிடக்கும். ஹாரன் கேட்கிறது, ஓடுங்கள். ஓடும்போது ஒன்று: யார் சொன்னது என்று எவர் கேட்டாலும், என்னை நீங்கள் பார்த்ததே இல்லை.