ஒரு குளத்தில் இரண்டு குளம்

ரத்னம்: ஏங்க, அந்த இறால கீழ போடுங்க. அதுக்கு உயிர் இல்ல.

சூரிபாபு: மீசை ஆடுச்சு... பாத்தேன்.

ரத்னம்: காத்துல ஆடுது. காலையில இருந்து செத்த இறாலுக்கெல்லாம் வைத்தியம் பாக்குறீங்க. பழையதும் ஆவக்காயும் வெச்சிருக்கேன், ஒரு வாய் சாப்பிடுங்க.

சூரிபாபு: வேணாம்... பீமவரத்து வியாபாரி?

ரத்னம்: கரையிலயே நின்னு பாத்தாரு. ஐஸ் வண்டிய திருப்பிக்கிட்டுப் போயிட்டாரு.

சூரிபாபு: பாழாப்போன கரண்ட்டு. விடியிற நேரம் பாத்து நின்னுச்சு. தண்ணிக்குள்ள காத்து அடிக்கிற ஏரியேட்டர் ஓடாத அரை மணியில...

ரத்னம்: பக்கத்துல வீர்ராஜு அண்ணன் குளத்துலயும்தான் ஓடல. அங்க இறால் துள்ளுது.

சூரிபாபு: அவன் விட்ட குஞ்சு நம்மளுதுல பாதி.

ரத்னம்: அத சொல்லுங்க.

சூரிபாபு: சொல்லிட்டேனே. ஒரு குளத்துல ரெண்டு குளத்து இறால விட்டேன். ஜோரா வளரலயா? நேத்து சாயந்திரம் வரைக்கும் ஒரு குறை தெரிஞ்சுதா?

ரத்னம்: தெரியல. நல்லா இருக்குற மாதிரியே நின்னு, அரை மணியில சாஞ்சுடுச்சு.

சூரிபாபு: ஏரியேட்டர் பிடிச்சு நிறுத்தியிருக்கு. நாம குளம் தானா நிக்குதுன்னு நெனச்சோம்.

ரத்னம்: ம்.

சூரிபாபு: ஆனாலும் தண்ணியில காத்து இவ்ளோ சீக்கிரமா தீரும்? அடியில சேறு கறுத்து, அழுகின முட்டை மாதிரி நாறுது. தின்னாத தீனி அழுகினாத்தான் இந்த நாத்தம். நம்ம இறால்தான் மிச்சம் வெக்கலையே. தட்டுல கொஞ்சம் தீனி வெச்சு இறக்குவோம், ரெண்டு மணி கழிச்சு நீ தூக்குவ, காலியா இருக்கும்...

ரத்னம்: ஏங்க.

சூரிபாபு: காலியா இருந்தா இன்னும் பசி. அடுத்த வேளைக்குக் கூட்டுவோம்...

ரத்னம்: ஏங்க... காலியா இல்ல.

சூரிபாபு: எது?

ரத்னம்: தட்டு. கொஞ்ச நாளா மிச்சம் இருந்துச்சு. தண்ணியிலயே உதறிட்டுத்தான் உங்களுக்குக் காட்டினேன். சங்கராந்திக்குள்ள இறால் பிடிச்சா இங்கேயே இருப்பேன், இல்லன்னா திரும்ப குவைத்துன்னு சொன்னீங்கல்ல. மிச்சம் இருக்குன்னா தீனிய குறைப்பீங்க. குறைச்சா வளர நாளாகும்... ஏழு வருஷம் போன்லயே குடும்பம் நடத்தியாச்சு. இன்னொரு தடவை என்னால ஆகாதுங்க. திட்டுங்க.

சூரிபாபு: என்னத்த திட்ட... நீ உதறினத மோட்டார் கொட்டகையில இருந்து பாத்தேன் ரத்னம். மொத நாளே. கேட்டா நிறுத்திடுவ, நானும் திரும்ப குவைத்துக்குப் போகணும். அதான் பாக்காத மாதிரி திரும்பிக்கிட்டு, அடுத்த தீனி மூட்டைய பிரிச்சேன்.