சிங்கத்துக்குக் கோபம் வரவழைத்த விதம்

இன்ஸ்பெக்டர் ஐயா, உங்கள் சட்டையின் இடது தோள் ஒரு விரற்கடை இறங்கியிருக்கிறது. தைத்தவர் யாரோ தெரியாது, அவரைக் குறை சொல்லவில்லை. பாருங்கள், உங்கள் புருவம் லேசாக ஏறிவிட்டது. இதற்குப் பெயர் சீண்டுவது. ஆளைச் சும்மா தொட்டுப் பார்ப்பது. இதனால் யாரும் சாவதில்லை.

என் பெயர் மாணிக்கவாசகம். காஜா பேராங் வட்டாரத்தில் தையல்கடை வைத்திருக்கிறேன். எனக்குக் கோபம் வராது. கழுத்துப் பட்டி இறுக்கமாக இருக்கிறதென்று வாடிக்கையாளர் மேசையில் குத்தினாலும் சிரித்துக்கொண்டே அளவு நாடாவை எடுப்பேன். கோபம் வராதவனுக்குத்தான் அடுத்தவர் கோபம் எங்கே ஒளிந்திருக்கிறதென்று நன்றாகத் தெரியும்.

மெர்டேக்கா சுதந்திர நாள் கொண்டாட்டத்துக்கு எங்கள் ஆட்கள் போட்ட நாடகத்தில் எனக்கு வேஷம் கிடையாது. உடைகள் தைத்தேன். அதோடு இன்னொரு வேலை: நல்லையாவுக்குக் கோபம் வரவழைப்பது. நல்லையா அரிசிக் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவர். ஆள் மலை மாதிரி, மனசு பஞ்சு. கோழி அறுப்பதைக்கூடப் பார்க்க மாட்டார். அவருக்குத்தான் சிங்கச்சாமி வேஷம். தூணைப் பிளந்துகொண்டு வந்து, அசுரராஜாவை மடியில் போட்டுக் கிழிக்க வேண்டும். முதல் ஒத்திகையில் அவர் கிழித்தது, ராஜாவுக்குத் தலைவாரிவிட்டது போல இருந்தது.

அதனால் தூணுக்குப் பின்னால் அவரோடு நானும் குந்திக்கொண்டு காதில் பேசுவேன். சீண்டினால் சிரித்துவிடுவார். குத்திக்காட்டினால் மறுநாள்தான் புரியும், "அண்ணே, நேத்து நீங்க சொன்னது என்னையா?" என்று கடைக்கே வந்து கேட்பார். கிளறுவதற்கு அடியில் பழைய கனல் வேண்டும். அவரிடம் ஒன்று இருந்தது, ரப்பர் தோட்டத்தில் கங்காணி அவர் அப்பாவைச் செருப்பால் அடித்த கதை. அதைக் கிளறினால் மூக்கு விடைக்கும். ஆனால் மேடைக்குப் போவதற்குள் கண் கலங்கிவிடும்.

மிச்சமிருப்பது ஏற்றிவிடுவது. மற்றவற்றில் கோபம் சொன்னவன் மேலேயே திரும்பும். ஏற்றிவிட்டால் அது வேறொருவர் மேல் போகும். சொன்னவன் நல்லவனாகவே இருப்பான். ஒத்திகைகளில் நான் அதைத் தொடவில்லை. நல்ல துணியை ஒத்திகைக்கு வெட்டுவார்களா?

சாமி வேஷம் கட்டியவருக்கு ஆவேசம் வந்துவிட்டால் எதிரில் இருப்பது யாரென்று தெரியாது. ஆகவே இடுப்பில் தாம்புக்கயிறு கட்டி, பின்னாலிருந்து இரண்டு பேர் பிடித்துக்கொள்வது வழக்கம். ஒருவர் கலியாணசுந்தரம். இன்னொருவன் நான்.

அசுரராஜா வேஷம் தேவதாஸுக்கு. சர்வே ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. நல்ல குரல், அழகான பல்வரிசை. நல்லையாவின் தங்கை கோகிலாவை நான் பெண் கேட்டிருந்தேன். நல்லையாவும் "பார்க்கலாம்ண்ணே" என்றிருந்தார். இரண்டு வருடமாக அவள் ரவிக்கைகளை நான்தான் தைக்கிறேன். ஒரு நாள் ஒத்திகைக்கு அவள் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். அப்போது தேவதாஸ் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"நல்லையா, கயித்துக்காரருக்கா பொண்ணு குடுக்கப்போறீங்க? யோசிச்சுக்குங்க. மனுசன் தாலிக்குப் பதிலா தாம்புக்கயிறத்தான் கட்டுவாரு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கோகிலா சிரித்ததில் தட்டிலிருந்த கிளாஸ்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. அந்த மாதமே அவளுக்கும் தேவதாஸுக்கும் பேசி முடித்தார்கள். ஊரில் சின்னப் பிள்ளைகள்கூட என்னைக் கயித்துக்காரன் என்று கூப்பிட ஆரம்பித்தன. எனக்குக் கோபம் வரவில்லை. வழக்கம்போலச் சாப்பிட்டேன், வழக்கம்போலத் தூங்கினேன்.

சிங்கத்தின் நகங்கள் அட்டையில் செய்தவை. மழையில் ஊறிவிட்டன. பால் டின் தகரத்தில் புதிதாக வெட்டிக் கையுறையில் தைத்தேன். விளக்கு வெளிச்சத்தில் பளபளக்கும் என்பது ஒரு காரணம். ஓரங்களை அரத்தால் ராவினேன். மழுங்கவா, கூராகவா என்று கேட்கிறீர்கள். வேலை என்று எடுத்தால் அரைகுறையாக விடும் பழக்கம் எனக்கில்லை.

நாடகத்தன்று பொழுது சாயும் நேரம். தேவதாஸ் மேடையில் சாமியை வம்புக்கிழுத்துக்கொண்டிருந்தார், அருமையாக. வாசல் பெட்ரோமாக்ஸ் மங்குகிறது, காற்றடித்துவிட்டு வா என்று கலியாணசுந்தரத்தை அனுப்பினேன். பிறகு நல்லையாவின் காதருகே குனிந்தேன். தொண்டை கம்மியது போல வைத்துக்கொண்டேன். அது முக்கியம்.

"நல்லையா, இத சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். ஆபீஸ்ல தேவதாஸ் சொல்லிச் சிரிச்சாராம். மூட்ட தூக்குறவன் தங்கச்சிதானே, கொஞ்ச நாள் தூக்கிப் பார்த்துட்டு எறக்கி வச்சிட வேண்டியதுதான், கட்டிக்கிறதாவது அப்படின்னு."

தேவதாஸ் அப்படிச் சொல்லவில்லை. அவர் கோகிலாமேல் உயிராக இருந்தார்.

முகமூடிக்குள் நல்லையாவின் மூச்சு இரைந்தது. வெளியே தேவதாஸ் தூணை உதைத்தார். சிங்கம் புறப்பட்டது. கயிறு என் கைக்குள் ஓடியது.

ஜனங்கள் கைதட்டினார்கள். வெகு நேரம் தட்டினார்கள். தேவதாஸ் இவ்வளவு நன்றாக நடிப்பாரென்று தெரியாதே என்று முன்வரிசையில் ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து கோகிலா எழுந்து ஓடிவந்தபோதுதான் கைதட்டல் நின்றது.

நல்லையா இங்கே கம்பிக்குப் பின்னால் என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அண்ணே, கயித்த ஏன் இழுக்கல?" கை வேர்த்துவிட்டது என்றேன். அப்படியா என்று தலையாட்டினார். அதையும் நம்பினார்.

எல்லாம் தன் தப்பு என்று அவர் உங்களிடம் சொன்னாராம். அது முறையில்லை. அவரிடம் அத்தனை கோபம் ஏது? அது முழுக்க நான் ஊட்டியது. என் கைவேலைக்கு இன்னொருவர் பெயர் வரக் கூடாது. கை வேர்க்கவுமில்லை, கயிறு வழுக்கவுமில்லை. விட்டேன். தேவதாஸ் சாக வேண்டும் என்றுதான் விட்டேன். ஆத்திரத்தில் அல்ல, நிதானமாக. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

வாசித்துக் காட்டியதற்கு நன்றி. எல்லாம் சரியாக இருக்கிறது. ஒரே ஒரு திருத்தம். மேலே என் பெயருக்குப் பக்கத்தில், ஊரார் சொன்னார்களென்று 'கயித்துக்காரன்' என்று போட்டிருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டுத் தையற்காரர் என்று எழுதுங்கள். இல்லை, ஒரு கோடு போதாது, அடியில் தெரிகிறது. பேனாவை இப்படிக் கொடுங்கள். கோபமெல்லாம் ஒன்றுமில்லை, ஐயா. தாள் கிழிந்தாலும் கிழியட்டும், அந்தச் சொல் தெரியக் கூடாது.