அசென் எழுதாமல் விட்ட ஊர்

இரவு எட்டே முக்கால். அக்டோபர் கடைசி வாரம். க்ருமோவ்கிராதிலிருந்து எல்லைப் பக்கம் ஏறுகிற மலைப்பாதை... தார் முடிந்து, ஜல்லியும் முடிந்து, வெறும் வண்டித்தடமாகிவிட்ட இடம். ஒரு பழைய ஜீப். உள்ளே இரண்டு பேர். இரண்டு பேருமே ஒரே மனிதர் மேல் கோபத்தில் இருந்தார்கள்.

அந்த மனிதர் செத்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

அடுப்பில் இன்னொரு கட்டையை வையுங்கள். கதவு சாத்தியிருக்கிறதா? சரி.

இது எனக்கு நடந்ததல்ல. என்னோடு படித்த தோன்காவின் சித்தப்பா ராதோய்க்கு நடந்தது. அவர் இதை வெளியே சொல்லமாட்டார். தோன்காவிடம் ஒரே ஒருமுறை சொன்னார். அதுவும் பாதி குப்பி ராக்கியா உள்ளே போன பிறகு.

ராதோய் சிலந்தி ஆள். நம் நாட்டில் இருக்கிற சிலந்தி இனங்களை ஒன்று விடாமல் ஒரே பட்டியலில் ஏற்றுவது என்று அவரும் அவருடைய மூத்த சகா அசெனும் ஆரம்பித்தார்கள். மூன்று வருஷம் போதும் என்றார்கள். பன்னிரண்டு ஆயிற்று. பழைய புத்தகங்களில் ஒரே சிலந்திக்கு மூன்று பெயர் இருக்கும். மூன்று சிலந்திக்கு ஒரே பெயர் இருக்கும். இன்றைக்கு எண்ணி முடித்துக் கீழே கோடு போட்டால், நாளைக்கு எவனாவது கடிதம் எழுதுவான், நானூற்றுப் பத்தாவது தப்பு என்று. ராதோய் அழிப்பார். திரும்ப எண்ணுவார். சித்தப்பாவுக்குத் தலை வழுக்கை ஆனதே அந்தப் பட்டியலால்தான் என்பாள் தோன்கா.

அதைவிடப் பெரிய தொல்லை அசென். சிலந்தி பிடிப்பதில் அவருக்கு ஈடு கிடையாது. ஆனால் சீட்டு எழுதமாட்டார்.

பிடித்த சிலந்தியைச் சாராயக் குப்பியில் போட்டால் கூடவே ஒரு சின்னச் சீட்டும் உள்ளே போகவேண்டும். எந்த ஊர், என்ன தேதி, யார் பிடித்தது. பென்சிலில். ஊர் இல்லாத சிலந்தி பட்டியலில் ஏறாது. மலைக்கு அந்தப் பக்கம் கிரேக்க நாடு. அங்கே பிடித்ததை இங்கே சேர்த்துவிட்டால்? அசெனோ, "பாலத்துக்கு இடது பக்கம்" என்று எழுதுவார். எந்தப் பாலம் என்று எழுதமாட்டார். இருபது வருஷமாக ஒவ்வொரு அக்டோபரிலும் தனியாக எங்கேயோ போய்வந்தார். ஒருமுறை ஒரு குப்பி கொண்டுவருவார், இன்னொருமுறை மூன்று. எல்லாச் சீட்டிலும் இரண்டே வார்த்தை. "அதே இடம்."

"எந்த இடம்ணே?" என்று ராதோய் கேட்பார்.

"அதாண்டா. போன வருஷம் போன எடம்."

"போன வருஷம் எங்கண்ணே போனீங்க?"

"இதென்னடா கேள்வி... அதே இடந்தான்."

ஏப்ரல் கடைசியில் டிராமில் உட்கார்ந்தபடியே அசெனின் இதயம் நின்றுவிட்டது. மிச்சம் வைத்துப் போனது நாற்பத்தொரு குப்பி. ராதோய் ஒவ்வொன்றாகப் பார்த்துவந்து, அக்டோபரில்தான் கடைசிக் குப்பியைத் திறந்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று ஒரு ஆண் சிலந்தி, கொண்டைக்கடலை அளவு. நம் நாட்டில் மட்டுமல்ல, உலகத்தில் எவனும் எழுதிவைக்காத இனம். சீட்டைப் பார்த்தார். "அதே இடம்."

"செத்தும் கெடுத்தாரே!" என்று கத்தினாராம். பட்டியல் அச்சுக்குப் போக ஒரு மாதந்தான் இருந்தது.

கோபத்தில் நாற்பத்தொரு சீட்டையும் எடுத்து மேஜையில் விசிறினார். ஒன்றிரண்டு கவிழ்ந்து விழுந்தன. ஒரு சீட்டின் பின்பக்கம் கறுப்புக் கரை. இன்னொன்றிலும் கறுப்புக் கரை. அசென் கஞ்சன், சீட்டுக்கென்று தாள் வாங்கமாட்டார், கிடைத்ததை வெட்டுவார். ராதோய் எல்லாவற்றையும் கவிழ்த்துப் போட்டு நகர்த்தி நகர்த்திச் சேர்த்தார். ஒரு மணி நேரத்தில் அது ஒரு கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் ஆயிற்று. பஸ் நிறுத்தத்தில், வாசல் கதவில் ஒட்டுவோமே, அதேதான். தலையில் துணி கட்டிய பெண். முப்பது வயது இருக்கும். லேசான சிரிப்பு. எலென்கா, கார்வனிக் கிராமம், நாற்பதாம் நாள் நினைவு. ஆண்டு 1986.

அசெனின் மனைவி ருமியானாவைக் கூப்பிட்டுக் காட்டினார். மருந்துக்கடையில் நின்றபடியே முப்பத்தொரு வருஷம் அசெனோடு குடித்தனம் செய்த அம்மாள். வாய் கத்தி மாதிரி.

"யாருடா இவ?"

"தெரியலக்கா. எங்கயாவது கிழிச்சிருப்பார்."

"இருபது வருஷமாவா? வருஷத்துக்கு ஒரு துண்டு, ரெண்டு துண்டுன்னு ஒரே தாளையா வெட்டிக்கிட்டிருந்தாரு?"

ராதோய் ஒரு துண்டை நேராக்கி வைத்தார்.

"எங்கிட்டயும் இப்படித்தான். எங்க போறீங்கன்னு கேட்டா, வழக்கமா போற எடம்பாரு. நானும் சிலந்திதானேன்னு விட்டுட்டேன்." கைப்பையை எடுத்துக்கொண்டார். "வண்டி ஓடுமில்ல? கெளம்பு."

"அக்கா, இவ செத்து முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு."

"தங்கச்சி இருந்திருப்பா. கெளம்புடா."

இப்படித்தான் அந்த ஜீப் அந்தப் பாதைக்கு வந்தது. இரண்டு முறை வழி தப்பி, ஒருமுறை ஆற்று மணலில் சிக்கி... வெளிச்சத்திலேயே போய்ச் சேரவேண்டியவர்களுக்கு இருட்டிவிட்டது. வழியெல்லாம் அசெனுக்குத் திட்டுதான். அவர் குறட்டை, அவர் கஞ்சத்தனம், குளிர்பெட்டியில் ஜாம் பக்கத்தில் வைத்த குப்பிகள். திட்டுவதற்கு ஒரு துணை கிடைத்ததில் இருவருக்கும் கொஞ்சம் ஆறுதல்கூட.

ஊர் எல்லையில் ஒரு சிமென்ட் பஸ் நிறுத்தம். பஸ் வந்து எத்தனையோ காலம் ஆகியிருக்கும். முன்விளக்கு அதன் சுவரில் விழுந்தது. ராதோய் பிரேக் போட்டார்.

இரண்டு நோட்டீஸ். ஒன்று எலென்கா. அதே படம், அதே சிரிப்பு.

பக்கத்தில் அசென்.

ருமியானா இறங்கிக் கிட்டே போனார். அவர் பார்த்தே இராத படம். தலைமுடி ஈரமாக, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கழுத்துவரை கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு அசென் சிரிக்கிறார்.

"இந்த ஸ்வெட்டர் எங்க வீட்ல கெடையாது," என்றார்.

கீழே எழுதியிருந்தது. ஆறாம் மாத நினைவு. தீராத துயரத்துடன், மனைவியும் பிள்ளைகளும்.

"நீங்க யார்கிட்டயாவது குடுத்து ஒட்டச் சொன்னீங்களாக்கா?"

"எனக்கு ஏதுடா பிள்ளைங்க?"

ராதோய் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். விரலில் பசை. மாவுப் பசை, புளித்த வாடை... இன்னும் காயவில்லை.

அங்கேயே திரும்பியிருக்கவேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். அவர்களுக்குப் பயம் வரவில்லை. ருமியானாவுக்கு ஆத்திரம். புருஷன் இன்னொரு குடும்பம் வைத்திருந்திருக்கிறான், அவர்கள் உயிரோடு இங்கே இருக்கிறார்கள், இன்றைக்குத்தான் வந்து ஒட்டியிருக்கிறார்கள். வேறென்ன நினைப்பார்? ராதோய்க்கோ மனசெல்லாம் அந்த வெள்ளைச் சிலந்தி. நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டார்.

"வாடா. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்."

ஊரில் இருபது வீடு இருக்கும். பாதிக்குக் கூரை இல்லை. அழுகிய வாதுமைத் தோலின் வாடை. நாய் குரைக்கவில்லை. கடைசி வீடு ஒன்றின் முற்றம் மட்டும் சுத்தமாகப் பெருக்கியிருந்தது. ருமியானா நேரே போய்க் கதவைத் தட்டினார். தட்டினார் என்ன, குத்தினார்.

"உள்ள யாரு? வெளிய வாங்க! மூஞ்சியப் பாக்கணும்!"

மறுபடியும் குத்தினார்.

ராதோய் முற்றத்தைப் பார்த்துத் திரும்பினார். நெற்றி விளக்கு பட்டதும் புல்லெல்லாம் மினுங்கிற்று. பச்சைப் பச்சையாகப் புள்ளிகள். இரவில் பூச்சி தேடிப் போகிற நம்மில் யாருக்கும் அது புதிதில்லை, ஓநாய்ச் சிலந்திகளின் கண்கள். நூற்றுக்கணக்கில். அவர் அதைச் சட்டை செய்யவில்லை. முற்றத்துக் கல்சுவரில் வெள்ளையாக ஏதோ நகர்ந்தது. கிட்டே போனார்.

அதுதான். கொண்டைக்கடலை அளவு. ஒன்றல்ல, பத்து, இருபது... சுவர் முழுக்க.

வாய்விட்டுச் சிரித்தாராம். பன்னிரண்டு வருஷம்! சட்டைப்பையிலிருந்து உறிஞ்சு குழாயை எடுத்தார். ஒரு முனை வாயில், மறுமுனை சிலந்திமேல், நடுவில் கண்ணாடிக் குப்பி. உறிஞ்சினால் சிலந்தி குப்பிக்குள் போய் விழும். ஸ்ஸ்ப்... டிக். ஸ்ஸ்ப்... டிக். ஸ்ஸ்ப்... டிக். மூன்று பிடித்தார். குழாயை வாயிலிருந்து எடுத்தார்.

ஸ்ஸ்ப்... டிக்.

வாதுமை மரத்துப் பக்கமிருந்து.

எதிரொலி என்று நினைத்தார். அசையாமல் நின்றார். மறுபடியும். ஸ்ஸ்ப்... டிக். நிதானமாக, பழகின கை.

கதவைக் குத்திக்கொண்டிருந்த ருமியானாவின் கை நின்றுவிட்டது. அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். கோடைக்கால இரவுகளில் பால்கனிச் சுவரிலிருந்து கேட்ட சத்தம். முகத்தில் இருந்த ஆத்திரமெல்லாம் வடிந்து, சின்னப் பெண் மாதிரி ஆகிவிட்டது குரல்.

"அசென்...?"

சத்தம் நின்றது.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இடது பக்கம், கிணற்றடியில்... ஸ்ஸ்ப்... டிக். இது வேறு மூச்சு. மெல்லிசு. உடனே மரத்தடியிலிருந்து ஒன்று. கிணற்றடியிலிருந்து ஒன்று. மாற்றி மாற்றி. வெகுநாள் சேர்ந்து வாழ்ந்த இரண்டு பேர் வேலை செய்துகொண்டே பேசிக்கொள்வதுபோல.

ருமியானா மறுபடி கூப்பிடவில்லை.

ராதோய் விளக்கை மரத்துப் பக்கம் திருப்பினார். மரம். பாசி. தரை. யாருமில்லை. ஆனால் அந்த வெளிச்சத்துக்குள்ளேயே சத்தம் வந்தது. ஸ்ஸ்ப்... புல்லில் மினுங்கிய ஒரு ஜோடிக் கண் அணைந்தது. டிக். ஸ்ஸ்ப்... அதற்கு இந்தப் பக்கம் இருந்த ஜோடி அணைந்தது. டிக். இன்னும் இந்தப் பக்கம்.

அப்போதுதான் மற்றவை ஆரம்பித்தன. கீழே, முழங்கால் உயரத்துக்கும் கீழே. வேகமாக, அவசர அவசரமாக, ஒன்றோடொன்று போட்டிபோட்டுக்கொண்டு. எத்தனை என்று அவர் எண்ணவில்லை. வாழ்நாளெல்லாம் எண்ணிக்கொண்டே இருந்த மனுஷன், அன்றைக்கு எண்ணவில்லை. முற்றத்தின் மூன்று பக்கத்திலிருந்தும் பச்சைப் புள்ளிகள் அணைந்து அணைந்து இருட்டு அவர்கள் காலை நோக்கி வந்தது.

எப்படி ஜீப்புக்கு வந்தோம் என்று இருவருக்குமே நினைவில்லை. பை, வலை, ஒரு செருப்பு எல்லாம் அங்கேயே. க்ருமோவ்கிராத் பெட்ரோல் நிலையத்து வெளிச்சம் வரும்வரை வண்டி நிற்கவில்லை. அங்கே ஒரு தேநீர் வாங்கிக்கொடுத்தார் ராதோய். ருமியானா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"ஸ்வெட்டர் நல்லாத்தான் பின்னியிருக்கா," என்றார். "கழுத்துல ஒரு கண்ணி தப்பல."

மூன்று சிலந்தியும் ராதோயின் சட்டைப்பையில் பத்திரமாக வந்து சேர்ந்திருந்தன. இரண்டு பெண், ஒரு ஆண். பட்டியலுக்கு வேறென்ன வேண்டும்? இடத்தைத் துல்லியமாகக் குறித்து அனுப்புங்கள், வேறொருவரும் போய்ப் பார்த்து உறுதி செய்யவேண்டும் என்று பதிப்பாசிரியர் கடிதம் போட்டார். ராதோய் எழுத உட்கார்ந்தார். மூன்று நாள் உட்கார்ந்தார். ருமியானாவுக்குப் போன் செய்தார்.

"எழுதாத," என்றார் ருமியானா. "எழுதினா நாளைக்கே நாலு மாணவப் பசங்க பையத் தூக்கிக்கிட்டு அங்க நிப்பானுங்க."

"பன்னெண்டு வருஷம்க்கா!"

"தெரியும்டா. நான் முப்பத்தொரு வருஷம்."

பட்டியல் அந்த ஒன்று இல்லாமலே அச்சாகி வந்தது. அட்டையில் 'முழுமையான' என்று போட்டிருந்தார்கள். விருதுகூடக் கொடுத்தார்கள். விழாவில் யாரோ மொத்தம் இத்தனை இனம் என்று எண்ணைச் சொல்லிப் பாராட்டியபோது ராதோய் எழுந்து வெளியே போய்விட்டார். தெருவில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டு, "தப்புக் கணக்கு, தப்புக் கணக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாராம். குப்பி இன்னும் அவர் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. பூட்டி வைத்திருக்கிறார்.

அசெனுக்கு முதல் வருஷ நினைவு வந்தபோது ருமியானா நோட்டீஸ் அடிக்கவில்லை. பக்கத்து வீட்டார் கேட்டதற்கு, "அதுக்கு வேற ஆளுங்க இருக்காங்க" என்று கதவைச் சாத்திவிட்டார்.

தோன்கா ஒருநாள் அவரிடம் கேட்டாள். "அத்தை, வெறும் சத்தந்தானே? அதுக்கா அப்படி ஓடி வந்தீங்க?"

ருமியானா சொன்னார்.

"உறிஞ்சினா அப்புறம் விடணுமில்ல? அசென் ஒவ்வொண்ணப் பிடிச்சதும் குழாய எடுத்துட்டு ஹூன்னு மூச்சு விடுவாரு. அன்னிக்கு எவ்வளவு நேரம் காதக் குடுத்துக்கிட்டு நின்னேன் தெரியுமா? அவரு, அவ, அந்தச் சின்னதுங்க... எல்லாம் உள்ள இழுத்துக்கிட்டேதான் இருந்துச்சு. ஒண்ணுகூட மூச்ச வெளிய விடலடி."