பிரேக்கையாவும் என் கையெழுத்தும்

மேடையில் அமர்ந்திருக்கும் வாகன ஆய்வாளர் சங்கத் தலைவர் அவர்களே, அண்ணனோடு பணியாற்றிய மூத்தவர்களே, பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும் மெக்கானிக் தோழர்களே, ஓட்டுநர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணனின் மகளே, மருமகனே, எல்லோருக்கும் என் வணக்கம்.

முதுநிலை வாகன ஆய்வாளர் என்பது அண்ணனுடைய பதவி. பிரேக்கையா என்பது நாம் வைத்த பெயர். பத்தொன்பது ஆண்டுகள் நான் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன். கீழே என்றால் பதவியில்தான். காரின் அடிப்பகுதியைப் பார்க்கும் சோதனைக் குழிக்குள் எப்போதும் அவர்தான் இறங்குவார். நான் மேலே உட்கார்ந்து பெடலை மிதிப்பேன்.

கார் என்றால் அவருக்கு உயிர். உறவினர் வீட்டுக்குப் போனால், வாசலில் நிற்கும் கார்களை எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் உள்ளே நுழைவதற்குள் காபி ஆறிப்போயிருக்கும். அவர் முதலில் வாங்கிய கார் மூன்று கை மாறி வந்த ஒன்று. அதன் இடது கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். மழையானாலும் இறங்கிச் சுற்றிவந்து அண்ணிக்குக் கதவு திறந்துவிடுவார். மறைந்த அண்ணி சொல்வார்: "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எனக்குக் கிடைச்ச ஒரே மரியாதை, அந்தக் கதவு ரிப்பேரானதுதான்."

அவருக்கு என்று சில கருத்துகள் இருந்தன. காருக்குள் டிவி மாதிரி திரை வைப்பது அவருக்கு ஆகாது. "ரோட்டைப் பாக்கச் சொன்னா, இவனுங்க படம் காட்டுறாங்க" என்பார். புதுக் கார் வாங்கியவர்கள் இனிப்போடு வந்து எவ்வளவு வேகம் போகும் என்று பெருமை பேசுவார்கள். அவர் இனிப்பை வாயில் போட்டுக்கொண்டு, "எத்தனை அடியில நிக்கும்?" என்று கேட்பார். யாருக்குத் தெரியும் அது? யார் கேட்டு வாங்குகிறோம் அதை?

ஒருமுறை நம் உயரதிகாரியின் கார் சோதனைக்கு வந்தது. எல்லோரும் கைகட்டி நின்றோம். அண்ணன் குழியிலிருந்து ஏறி வந்தார். கையெல்லாம் எண்ணெய். "ஐயா, பின்சக்கர பிரேக் ரெண்டும் பேருக்குத்தான் பிடிக்குது. இன்னைக்கு பஸ்ல போயிடுங்க" என்றார். அதிகாரி பஸ்ஸில்தான் போனார். அடுத்த மாதமே அண்ணனைக் கிடங்குக்கு மாற்றினார்கள். மூன்று ஆண்டுகள் பழைய டயர்களுக்குக் காவல் இருந்துவிட்டுத் திரும்பினார். வந்த முதல் நாளே குழியில் இறங்கினார்.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு இருந்த துணை, அவருடைய நீலக் கார் ஒன்றுதான். போன வருடம் அதன் அடிச்சட்டமான சேசிஸில் துருப்பிடித்திருப்பதை அவரே கண்டுபிடித்தார். நான் சொன்னேன்: "வெல்டு வச்சா இன்னும் அஞ்சு வருஷம் ஓடும் அண்ணே."

"ஓடும்ப்பா. மோதினா மடங்கும்."

தானே ஓட்டிக்கொண்டுபோய் பழைய வண்டிகளை உடைக்கும் கூடத்தில் விட்டுவிட்டு வந்தார். அதனால்தான் போன மாதம் அந்தப் புதன்கிழமை காலையில் அவர் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார்.

அவர்மீது மோதிய காரை ஓட்டி வந்தவர் ஒரு தையல்காரர். குடித்திருக்கவில்லை. வேகமாகவும் வரவில்லை. சரிவில் பிரேக்கை மிதித்திருக்கிறார், பெடல் அடிவரை போயிருக்கிறது, கார் நிற்கவில்லை. பிரேக் குழாய் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. இதுவரை உங்களுக்குத் தெரியும்.

இனி நான் சொல்லப்போவது, இங்கே அண்ணனின் மகளுக்கு மட்டுமே தெரியும். அந்தக் காருக்குத் தகுதிச் சான்று இருந்தது. கொடுத்துப் பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. அதில் இருப்பது என் கையெழுத்து.

அன்றைக்கு அறுபத்திரண்டு கார்கள் வந்தன. ஐந்து பேர் இருந்த இடத்தில் நான் ஒருவன். முழங்கால் வலி வேறு. நான் குழியில் இறங்கவில்லை. அன்றைக்கு மட்டுமா? இல்லை. ஒன்றரை வருடமாகவே நான் இறங்குவதில்லை. ஹாரன், விளக்கு, வைப்பர் பார்ப்பேன், முத்திரை குத்துவேன். காரணங்கள் எல்லாம் உண்மைதான். ஆனால் துருவுக்கு அந்தக் காரணங்கள் தெரியுமா?

இரண்டு மாதத்துக்கு முன் அண்ணன் போனில் கேட்டார். "என்னப்பா, குழியில இறங்குறியா?"

"இறங்காம எப்படிண்ணே" என்றேன். அவரிடம் நான் சொன்ன ஒரே பொய் அது. அவர் நம்பினார்.

நேற்று அவர் மகளின் வீட்டுக்குப் போய் இதைச் சொன்னேன். அவள் முழுவதும் கேட்டாள். பிறகு, "என்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போயிடாதீங்க சித்தப்பா. அப்பாவைத் தெரிஞ்ச எல்லார் முன்னாடியும் சொல்லுங்க" என்றாள். சொல்லிவிட்டேன்.

இந்த இடத்தில், அவர் விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம் என்று நான் சூளுரைக்க வேண்டும். தலைவர் அதற்குத்தான் என்னை அழைத்தார். எதைத் தொடர்வேன்? நாளைக் காலை காவல் நிலையத்தில் இதையே எழுதிக் கொடுப்பேன். வேலை போகும். அது நியாயம். என் இடத்துக்கு ஆள் வராது. வந்தாலும் அவர் முன்னாலும் அறுபத்திரண்டு கார்கள் நிற்கும், அவருக்கும் முழங்கால் வலிக்கும். உங்களில் யாராவது ஒருவர் இறங்கிப் பார்ப்பீர்கள் என்றால், அந்த உறுதிமொழியை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். என் வாயால் சொன்னால் அதற்கு மதிப்பில்லை.

இப்போது எல்லோரும் எழுந்து அண்ணனுக்காக ஒரு நிமிடம் மௌனமாக நிற்கப்போகிறோம். நானும் நிற்கலாமா என்று நேற்றே அவர் மகளிடம் கேட்டேன்.

"நில்லுங்க சித்தப்பா. எங்க பக்கத்துல வேணாம்" என்றாள்.

நான் பின்வரிசைக்குப் போகிறேன்.